‘மிஸஸ் வில்சன்’ தொடரில் வரும் கணவரின் இரட்டை வாழ்க்கை உண்மையில் நடந்ததா?

ஆம், பெரும்பகுதி உண்மை. 2018-இல் பிபிசியில் 3 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடர், 1963-இல் மறைந்த அலெக்சாண்டர் வில்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளரைப் பற்றியது. உளவுக் கதைகளை எழுதியவரும் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவரும் பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவருமான இவர், யாரையும் விவாகரத்து செய்யாமலேயே 4 பெண்களை மணந்திருந்தார். மூன்றாம் மனைவி அலிசனாக நடித்திருப்பவர், அந்த அலிசனின் சொந்தப் பேத்தியான ரூத் வில்சன்.

கணவர் இறந்த துயரம் ஆறுவதற்குள், வாசலில் வந்து நிற்கும் ஒரு பெண் ‘நான்தான் திருமதி வில்சன்’ என்கிறாள். அலிசனின் முகத்தில் அந்த நேரத்தில் துக்கத்தைவிட அவமானமே முந்திக்கொண்டு தெரிகிறது. தொடரின் உயிர் அந்த முகத்தில்தான் இருக்கிறது என்பேன்.

இத்தனை காலம் இது எப்படி மறைந்திருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்க்காலத்தில் ஒருவர் மாதக்கணக்கில் வீட்டுக்கு வராமல் இருப்பது இயல்பு. அதிலும் உளவுப்பணி என்று சொல்லிவிட்டால், எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்பதே தேசத்துரோகம் போலாகிவிடும். இரண்டாம் மனைவியின் மகனிடம், தந்தை 1942-இல் எல் அலமெய்ன் போரில் இறந்துவிட்டதாகவே சொல்லியிருந்தார்கள். உயிரோடிருந்த தகப்பனுக்காக அந்தச் சிறுவன் அழுதிருப்பானே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.