ஐந்து வயதுப் பிள்ளையோடு ஆப்பிரிக்க சஃபாரி: மே மாதத்தில் எங்கே போகலாம்?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. வரும் மே விடுமுறையில் கென்யாவுக்கு சஃபாரி அழைத்துப் போக ஆசை. ஏஜென்ட் ஒருவர் ஏழு நாள் திட்டம் தந்திருக்கிறார்: நைரோபி, அம்போசெலி, நகுரு ஏரி, மசாய் மாரா. விலையும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. சின்னவன் தாங்குவானா? மலேரியா பயம் உண்டா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? இந்தத் திட்டத்தை எடுக்கலாமா?

பதில்: ஐந்தும் ஒன்பதும் தாராளமாக சஃபாரி போகிற வயதுதான். ஆனால் மே மாதத்தில், இந்தத் திட்டத்தில் போகாதீர்கள்.

விலை ஏன் குறைவு என்று முதலில் பார்ப்போம். கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். மாராவில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். அதற்குள் படுத்திருக்கும் சிங்கம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. அங்கே பல இடங்களில் மண் நம் கரிசல் மாதிரிதான். நல்ல மழை பெய்தால் வண்டி சிக்கிக்கொள்ளும், இன்னொரு வண்டி வந்து இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அம்போசெலியில் கிளிமஞ்சாரோ பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். சில முகாம்கள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும். திறந்திருப்பவை விலையைக் குறைக்கின்றன. மாராவின் நுழைவுக் கட்டணமும் இதற்கேற்ப இருக்கிறது: 2024 ஜூலை முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். மழையில் போனால் ஒன்றுமே தெரியாது என்று சொல்லவில்லை. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன. கேமராவோடு பொறுமையாக உட்காரத் தெரிந்த பெரியவர்களுக்கு அது அருமையான பருவம். ஐந்து வயதுப் பையனுக்கு அந்தப் பொறுமை இருக்காது.

அடுத்தது சாலை. நைரோபியிலிருந்து அம்போசெலி நாலைந்து மணி நேரம். அம்போசெலியிலிருந்து நகுரு ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. நகுருவிலிருந்து மாரா ஐந்தாறு மணி நேரம், அதில் கடைசிப் பகுதி குலுக்கி எடுக்கும். மாராவிலிருந்து திரும்ப நைரோபி இன்னொரு ஐந்தாறு மணி நேரம். ஏழு நாளில் நாலு நாளைப் பயணமே தின்றுவிடுகிறது. மூன்று காடுகளின் பெயரைப் பட்டியலில் போட்டால் விற்பதற்கு வசதி, அவ்வளவுதான். பிள்ளைகளோடு போனால் ஒரு காடு, அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று இரவாவது தங்க வேண்டும். முதல் நாள் புது இடம், இரண்டாம் நாள் ஓட்டுநர் சிநேகிதராகிவிடுவார், மூன்றாம் நாள் பிள்ளைகளே தடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சஃபாரி நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபம். விடியும்போது வண்டி கிளம்பும், மூன்று நாலு மணி நேரம் சுற்றிவிட்டு காலை உணவுக்குத் திரும்பும். உச்சி வெயிலில் விலங்குகளும் படுத்துவிடும், மனிதர்களும் படுத்துவிடுவார்கள். மறுபடி மாலை நாலு மணி வாக்கில் கிளம்பி இருட்டும்போது திரும்பும். பெரியவர்கள் இரண்டு வேளையும் விடாமல் போவார்கள். சின்னவனை ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் கூட்டிப்போங்கள். இன்னொரு வேளைக்கு நீங்களும் உங்கள் மனைவியும் முறை வைத்துக்கொண்டு மகளோடு போகலாம். அதனால் நீச்சல் குளமும் ஓடியாட வேலி போட்ட இடமும் உள்ள லாட்ஜாகப் பாருங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வேலியில்லாத கூடார முகாம்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி நீர்யானையும் யானையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நடமாடும். இருட்டிய பிறகு காவலாள் துணையில்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. பையனைப் பிடித்து வைப்பதே உங்கள் முழுநேர வேலையாகிவிடும்.

வண்டியைத் தனியாக எடுங்கள். இருக்கைக்கு இவ்வளவு என்று மற்றவர்களோடு சேர்ந்து போகும் வண்டி மலிவுதான். ஆனால் சின்னவன் சிணுங்கினாலோ சிறுநீர் கழிக்க வேண்டும் என்றாலோ எல்லோர் முகமும் மாறும். காட்டுக்குள் கழிப்பறை அபூர்வம். ஓட்டுநர் திறந்த வெளியாகப் பார்த்து, சுற்றிலும் நோட்டம் விட்ட பிறகு வண்டி மறைவில் இறக்கிவிடுவார். கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவைத்தால் அவர் பார்த்துக்கொள்வார். தென்னாப்பிரிக்காவின் தனியார் காப்பகங்களில் ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பொது வண்டியில் ஏற்றாத லாட்ஜ்கள் நிறைய உண்டு. நடை சஃபாரிக்குப் பெரும்பாலும் 12 வயதுக்கு மேல்தான். (உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் கொரில்லா பார்க்க 15 வயது ஆக வேண்டும், மகள் கேட்டால் இன்னும் ஆறு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.) முன்பதிவு செய்யும்போதே "5 வயதுப் பையனை எந்தெந்த வண்டியில் ஏற்றுவீர்கள்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழந்தை இருக்கை வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள். சஃபாரி வண்டிகளில் அது தானாக இருக்காது.

சரி, மே மாதம்தான் முடியும் என்றால் எங்கே போவது? தென்னாப்பிரிக்கா. அங்கே மே மாதத்தில் வறட்சிக் குளிர்காலம் தொடங்குகிறது. புல் காய்ந்து தாழும், விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். அந்த நாட்டுப் பள்ளி விடுமுறையும் அப்போது இல்லை. ஏப்ரல் 27, மே 1 ஆகிய அரசு விடுமுறைகளை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்தால் கூட்டம் குறைவு. குரூகர் தேசியப் பூங்கா எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அது மலேரியா பகுதி. சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிலான்ஸ்பர்க், மடிக்வே என்ற இரண்டு வனவிலங்குக் காப்பகங்கள். இரண்டுமே மலேரியா இல்லாத பகுதியில் உள்ளவை.

பிலான்ஸ்பர்க் ஜோகனஸ்பர்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான, அணைந்துபோன எரிமலையின் வளையங்களுக்குள் இருக்கும் காடு அது. 1979-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான விலங்குகளை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டு உருவாக்கினார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்தும் உண்டு. உங்களுக்கு இதில் பெரிய வசதி, சொந்தமாக வண்டி ஓட்டலாம். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள நம் உரிமம் செல்லும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் வண்டி வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பேச்சு இருக்காது. பையன் அலுத்துவிட்டான் என்றால் யாரையும் கேட்காமல் திரும்பிவிடலாம். மான்க்வே ஏரிக்கரையில் மறைவிடம் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை விட்டு இறங்கி நடந்து போய், நீர்யானைகளைப் பலகைச் சந்து வழியாகப் பார்க்கலாம். மணிக்கணக்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அந்த நடையே போதும். பக்கத்திலேயே சன் சிட்டி என்ற உல்லாச விடுதி வளாகம்; அதன் அலைக்குளத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், மே மாதத்தில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும்.

பிலான்ஸ்பர்கில் மூன்று இரவு, அப்புறம் மடிக்வேயில் மூன்று இரவு. மடிக்வே 1991-ல் உருவான காப்பகம், போட்ஸ்வானா எல்லையை ஒட்டி 750 சதுர கிலோமீட்டர். லாட்ஜில் தங்குபவர்கள் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் வண்டி நெரிசல் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடம். விலை அதிகம்; ஆனால் வழிகாட்டி, வண்டி, சாப்பாடு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். குடும்பங்களுக்கென்றே உள்ள லாட்ஜ்களில் சின்னவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரச் சுற்று வைப்பார்கள். சாண வண்டு உருண்டை தள்ளுவதும், கரையான் புற்றைத் தொட்டுப் பார்ப்பதும், எந்த விலங்கின் விட்டை எது என்று கண்டுபிடிப்பதும் அதில் வரும். சிங்கத்தைவிட இதைத்தான் பிள்ளைகள் ஊருக்கு வந்து அதிகம் பேசுவார்கள் என்பது என் அனுபவம்.

கென்யாதான் வேண்டும் என்று மனசு சொன்னால் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்களும் (மாடு போலத் தெரியும் பெரிய மான்கள்) வரிக்குதிரைகளும் பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாரா பக்கம் வந்திருக்கும். செப்டம்பர் கடைசியிலும் பார்க்கலாம். ஆனால் அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகவே போகாதீர்கள். கரையில் வெயிலில் நாலு மணி நேரம் காத்திருந்தும் கூட்டம் இறங்காமல் திரும்பிப் போகும். இறங்கினால் முதலை பிடிப்பதை சின்னவன் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அவன் தயாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நைரோபியில் ஒன்றிரண்டு இரவு, நைவாஷா ஏரியில் இரண்டு இரவு, மாராவில் மூன்று இரவு போதும். நைரோபியில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை வளர்க்கும் அநாதை யானைக்குட்டிகள் முற்பகலில் பால் குடிக்க வரும், முன்பதிவு தேவை. ஒட்டகச்சிவிங்கி மையத்தில் கையாலேயே தீனி கொடுக்கலாம். நைவாஷாவில் கிரசென்ட் தீவில் சிங்கம் கிடையாது. வரிக்குதிரைகளுக்கு நடுவே வழிகாட்டியோடு நடக்கலாம். கட்டணக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பருவத்தில் மாராவில் மூன்று நாளுக்கு நுழைவுக்கு மட்டும் பெரியவர் இருவருக்கு 1,200 டாலர், மகளுக்கு 150 டாலர். சின்னவனுக்கு இலவசம்.

நான் சொன்ன இரண்டு திட்டங்களில் மலேரியா கென்யாவுக்கு மட்டும் பொருந்தும் கவலை, அது நியாயமான கவலையும்கூட. நைரோபியில் அபாயம் குறைவு, மாராவில் உண்டு. தடுப்பு மாத்திரை நால்வருக்கும் தேவை. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையை எடைக்கேற்ற அளவில் பிள்ளைகளுக்குத் தருவார்கள். போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகு ஏழு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு மாத்திரை எட்டு வயதுக்குக் கீழே ஆகாது. உங்கள் குழந்தை மருத்துவரைக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே பாருங்கள். கென்யா போய்வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் கட்டாயம். இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பிள்ளைக்கு முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு வளைகுடா வழியாகப் போய்வந்தால் இந்த ஊசி வேண்டாம். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், அந்த மிச்சத்தோடு இந்தத் தலைவலியும் சேர்ந்து வரும்.

சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். கென்யாவில் சப்பாத்தியும் சமோசாவும் அன்றாட உணவு. அங்கே ‘ண்டெங்கு’ (ndengu) என்பது நம் பச்சைப்பயறுக் குழம்புதான். லாட்ஜ்களில் முன்பே சொன்னால் சைவம் சமைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் காட்டு லாட்ஜ்களில் இறைச்சி அதிகம், எழுதிச் சொல்லிவிடுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவீர்கள், தெரியும். கென்யாவுக்கு அதை நெகிழிப் பையில் கட்டாதீர்கள். 2017 முதல் அங்கே நெகிழிப் பைகளுக்குத் தடை. 2020 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் போதும். சிறு விமானத்தில் மாரா போனால் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் சக்கரமில்லாத மென்பையில்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் அதிகம். பிலான்ஸ்பர்கில் மே மாத விடியல் 10 டிகிரிக்குக் கீழே போகும், திறந்த வண்டியில் காற்று இன்னும் குத்தும். கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த மேல்சட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஆளுக்கொரு சின்ன பைனாகுலர் வாங்குங்கள். இருவருக்கும் ஒன்று என்றால் பாதி சஃபாரி சண்டையில் போகும்.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்க விசாவுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள சான்றிதழ் தேவை. நம்மூரில் பிறந்ததும் பதிவு செய்தபோது குழந்தை பெயரைச் சேர்க்காமல் விட்ட சான்றிதழ்கள் ஏராளம். பெயரைச் சேர்த்து, ஆங்கிலத்திலும் உள்ள பிரதியை வாங்குங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருந்தால் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள். ஏதாவது காரணத்தால் ஒருவர் மட்டும் அழைத்துப் போவதானால் மற்றவரின் உறுதிமொழிச் சம்மதப் பத்திரம் வேண்டும். இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ஏஜென்டிடம் பணம் கட்டுங்கள்.