சமமாகப் புள்ளி எடுத்தும் கோப்பை ஒருவருக்குத்தான்

கேள்வி: எங்கள் ஊரில் எட்டு அணிகள் ஆடும் கால்பந்து லீக்கை மூன்று வருடமாக நடத்தி வருகிறோம். இந்த வருடம் முதல் சிறந்த வீரர், சிறந்த கோச் என்று இரண்டு விருது கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஃபிஃபா செய்வதைப் போலவே ஓட்டுப் போட வைத்துவிடலாம் என்கிறார்கள் பையன்கள். ஆனால் 2023-ல் ஹாலண்டும் மெஸ்ஸியும் ஒரே புள்ளி எடுத்தும் மெஸ்ஸிக்குக் கொடுத்தார்களே, அது எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

– லீக் செயலாளர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே வேண்டாம். அந்த முறையில் நல்லது இரண்டு மூன்று உண்டு. உங்கள் லீக்கில் சண்டையைக் கிளப்பக்கூடியதும் ஒன்று உண்டு, 2023-ல் நடந்தது அதுதான்.

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வருடத்தின் சிறந்த வீரருக்கும் கோச்சுக்கும் கொடுக்கும் 'தி பெஸ்ட்' விருதில் நான்கு தரப்பு ஓட்டுப் போடுகிறது. தேசிய அணிகளின் கேப்டன்கள், தேசிய அணிகளின் கோச்சுகள், நாட்டுக்கு ஒருவராக விளையாட்டுப் பத்திரிகையாளர்கள், இணையத்தில் ரசிகர்கள். ஒவ்வொரு தரப்புக்கும் 25 சதவீதம். ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் மூன்று பேரை வரிசையாக எழுத வேண்டும். முதல் பெயருக்கு 5, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1.

இதுவரை பையன்கள் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். இதற்கு அடுத்த படிதான் பலருக்குத் தெரியாது. ஒரு தரப்பில் விழுந்த 5-3-1 புள்ளிகளைக் கூட்டி, அந்தத் தரப்புக்குள் யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று பார்ப்பார்கள். பிறகு கூட்டிய புள்ளியை ஓரமாக வைத்துவிட்டு, இடத்துக்கு மட்டும் புதுப் புள்ளி போடுவார்கள். முதலிடத்துக்கு 13, இரண்டாமிடத்துக்கு 11. கடைசியில் எண்ணப்படுவது இந்த நான்கு புதுப் புள்ளிகள்தான்.

2023 கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். கேப்டன்களிடமும் ரசிகர்களிடமும் மெஸ்ஸி முதலிடம். கோச்சுகளிடமும் பத்திரிகையாளர்களிடமும் ஹாலண்ட் முதலிடம். மெஸ்ஸிக்கு 13, 13, 11, 11. ஹாலண்டுக்கும் அதே 13, 13, 11, 11. ஆளுக்கு 48. மூன்றாவதாக வந்த எம்பாப்பேக்கு 35. பத்திரிகையாளர்களிடம் மெஸ்ஸியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஹாலண்ட் வாங்கியிருந்தார். இடப் புள்ளியாக மாற்றியதும் அந்தப் பெரிய இடைவெளி வெறும் இரண்டாகச் சுருங்கிவிட்டது. ரசிகர்களிடம் மெஸ்ஸி எடுத்த முன்னிலைக்கும் அதே கதிதான்.

சமம் வந்தால் என்ன செய்வது என்பது விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. கேப்டன்கள் யாரை அதிகமாக முதல் பெயராக எழுதினார்களோ அவருக்கு விருது. மெஸ்ஸியை 107 கேப்டன்கள் முதலில் எழுதியிருந்தார்கள், ஹாலண்டை 64 பேர். அதனால் கோப்பை மெஸ்ஸிக்குப் போனது. அர்ஜென்டினா கேப்டன் என்ற முறையில் மெஸ்ஸிக்கும் ஓர் ஓட்டு இருந்தது. அவர் தன் சீட்டில் முதல் பெயராக எழுதியது ஹாலண்டைத்தான்! ஹாலண்ட் அப்போது நார்வே கேப்டன் இல்லை என்பதால் அவருக்கு ஓட்டே கிடையாது.

கோச் விருதிலும் இதே சங்கடம் வந்திருக்கிறது. 2020-ல் யூர்கன் கிளாப்பும் ஹான்சி ஃபிளிக்கும் ஒரே புள்ளி எடுத்தார்கள். ஃபிளிக் அந்த சீசனில் பயர்ன் மியூனிக்குக்கு மூன்று பெரிய கோப்பைகளையும் வாங்கித் தந்தவர். கிளாப் லிவர்பூலுக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் வாங்கித் தந்தவர். கோச் விருதில் சமம் வந்தால் கோச்சுகளின் ஓட்டுதான் முடிவு செய்யும். அது கிளாப் பக்கம் இருந்தது.

இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தரப்புகள் நான்கு, அதாவது இரட்டைப்படை. இரண்டு பேர் மற்றவர்களை விட வெகுதூரம் முன்னால் இருந்து, இரண்டு தரப்பு ஒருவருக்கும் இரண்டு தரப்பு இன்னொருவருக்கும் போனால் சமம்தான் வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. அதனால் உங்கள் லீக்குக்கு முதல் யோசனை, மூன்று தரப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஃபா ஏன் இடப் புள்ளியாக மாற்றுகிறது என்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. கேப்டன்கள் சுமார் இருநூறு பேர். ரசிகர்கள் லட்சக்கணக்கில். நேராகக் கூட்டினால் ரசிகர் ஓட்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உங்களிடம் லட்சம் ஓட்டு இல்லை என்பதால் அந்த மருந்தும் வேண்டாம். அதற்குப் பதில் சதவீதமாக மாற்றுங்கள், யார் எவ்வளவு முன்னால் இருந்தார் என்பது அழியாமல் நிற்கும்.

எட்டு அணி என்றால் எட்டு கேப்டன்கள், எட்டு கோச்சுகள். மூன்றாவது தரப்பாக ரசிகர்களைக் கொண்டுவராதீர்கள், ரெஃப்ரிகளைக் கொண்டுவாருங்கள். சீசன் முழுக்க எல்லா அணியையும் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் அவர்கள்தான். எந்த அணியோடும் ஒட்டில்லாதவர்களும்கூட. ஐந்து ரெஃப்ரிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டில் 5+3+1, மொத்தம் 9 புள்ளி. கேப்டன்கள் தரப்பில் 72, கோச்சுகள் தரப்பில் 72, ரெஃப்ரிகள் தரப்பில் 45. நேராகக் கூட்டினால் ரெஃப்ரிகளின் குரல் தேய்ந்துவிடும். ஒரு வீரர் கேப்டன்களிடம் 18 வாங்கினால் 72-க்கு 18, அதாவது 25 சதவீதம். ரெஃப்ரிகளிடமும் அதே 18 வாங்கினால் 45-க்கு 18, அதாவது 40 சதவீதம். மூன்று தரப்பின் சதவீதத்தையும் கூட்டி மூன்றால் வகுங்கள். ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும். எல்லோரும் ஒருவரையே முதல் பெயராக எழுதினாலும் அவருக்கு 9-க்கு 5, அதாவது 55.6 சதவீதத்துக்கு மேல் போகாது. அதைப் பார்த்து யாராவது 'பாதிதான் கிடைச்சிருக்கு' என்று கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேப்டனும் கோச்சும் தன் அணி ஆளுக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று கண்டிப்பாக எழுதுங்கள். தேசிய அணி கேப்டன்கள் தங்கள் நாட்டு வீரரை எழுதுவதை ஃபிஃபா தடுப்பதில்லை, இருநூறு நாட்டில் அது கரைந்துபோகும். எட்டு அணியில் கரையாது. எட்டு சீட்டில் ஒருவர் தன் ஆளுக்கு 5 போட்டாலே முடிவு மாறிவிடும். ரசிகர்களுக்கும் ஏதாவது வேண்டும் என்றால் சீசனின் சிறந்த கோல் விருதை அவர்களிடம் விடுங்கள். ஃபிஃபாவும் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் ரசிகர் ஓட்டுக்கு இடம் தருகிறது.

அடுத்தது தேதி. இதைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். 2023 'தி பெஸ்ட்' விருதுக்கு ஆண்கள் பிரிவில் எடுத்துக்கொண்ட காலம் 2022 டிசம்பர் 19 முதல் 2023 ஆகஸ்ட் 20 வரை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது டிசம்பர் 18. ஒரே ஒரு நாள்! மெஸ்ஸி உலகக் கோப்பையைத் தூக்கியது அந்தக் கணக்கில் வராது. அது முந்தைய விருதில் எண்ணப்பட்டுவிட்டது. ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டியோடு மூன்று கோப்பை வென்றது முழுக்க உள்ளே வந்தது. ஆனாலும் ஓட்டுப் போட்டவர்கள் மனத்தில் டிசம்பர் 18 இல்லாமல் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பாலன் டி'ஓர் என்ற இன்னொரு பெரிய விருது அதே வருடம் 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை எடுத்துக்கொண்டது. அதில் உலகக் கோப்பை உள்ளே. மெஸ்ஸி அதையும் வென்றார்.

இந்த இரண்டு விருதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பாலன் டி'ஓர் பிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகை 1956 முதல் கொடுப்பது. ஆண்கள் பிரிவில் ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து ஆளுக்கொரு பத்திரிகையாளர் மட்டும் ஓட்டுப் போடுவார், பத்துப் பெயர் எழுதுவார், புள்ளியை நேராகக் கூட்டுவார்கள். 2024-ல் ரோட்ரிக்கு 1170, வினீசியஸுக்கு 1129. அந்த வருடம் இரண்டு விருதின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் 'தி பெஸ்ட்' வினீசியஸுக்குப் போனது. ஆட்டம் அதேதான், ஓட்டுப் போட்டவர்களும் எண்ணிய விதமும் வேறு.

உங்களுக்கு இதில் வேலை என்னவென்றால், முதல் ஆட்டத்தின் தேதி, கடைசி ஆட்டத்தின் தேதி, இறுதிப் போட்டி கணக்கில் சேருமா சேராதா, இந்த மூன்றையும் சீசன் தொடங்கும் முன் எழுதி ஒட்டிவிடுங்கள். இறுதிப் போட்டியைச் சேர்த்தால், முடிந்த கையோடு சீட்டு கொடுக்காதீர்கள். அன்று ஹாட்ரிக் அடித்தவர் மட்டுமே எல்லோர் கண்ணிலும் நிற்பார். மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

ஓட்டின் கடைசித் தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். 2013-ல் ஃபிஃபாவும் பிரான்ஸ் ஃபுட்பாலும் சேர்ந்து பாலன் டி'ஓர் கொடுத்த காலம். நவம்பர் 15 கடைசி நாள் என்றிருந்ததை, போதிய ஓட்டு வரவில்லை என்று சொல்லி 29 வரை நீட்டினார்கள். இடையில் நவம்பர் 19 அன்று ரொனால்டோ ஸ்வீடனுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து போர்ச்சுகலை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனார். விருதும் அவருக்கே. பயர்னோடு எல்லாம் வென்ற ரிபெரி மூன்றாமிடம். ரொனால்டோ தகுதியானவர்தான், ஆனால் அந்தத் தேதி மாற்றத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை.

சீட்டில் கையெழுத்து வாங்குங்கள், நேரில் வாங்குங்கள். 2019-ல் எகிப்தின் கேப்டன், கோச் இருவரின் ஓட்டும் எண்ணப்படவில்லை. கையெழுத்து கேப்பிடல் எழுத்துகளில் இருந்தது, செல்லாது என்றது ஃபிஃபா. அதே வருடம் நிகராகுவா கேப்டன், தான் ஓட்டே போடவில்லை என்றார். அவர் பெயரில் கையெழுத்திட்ட சீட்டு இருக்கிறது என்றது ஃபிஃபா. வாட்ஸ்அப்பில் வந்த ஓட்டை ஏற்றுக்கொண்டால் இதே பிரச்சினை உங்கள் ஊருக்கும் வரும். ஃபிஃபா செய்வதில் மிக நல்லது ஒன்று, யார் யாருக்குப் போட்டார் என்பதைப் பின்னால் வெளியிடுவது. நீங்களும் ஒட்டுங்கள். நாளைக்கு ஊர் பார்க்கும் என்று தெரிந்தால், நல்ல ஆளை வேண்டுமென்றே விட்டுவிட கை கொஞ்சம் தயங்கும்.

கோல் கீப்பரையும் பின்னால் நிற்பவர்களையும் ஓட்டு மறந்துபோகும், இது உலகம் முழுக்க உள்ள நோய். பாலன் டி'ஓர் வென்ற ஒரே கோல் கீப்பர் லெவ் யாஷின், அதுவும் 1963-ல். அதனால்தான் கீப்பருக்குத் தனி விருது வைத்திருக்கிறார்கள். உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

சமம் வந்தால் வீரருக்குக் கேப்டன்கள் எழுதிய முதல் பெயர்களின் எண்ணிக்கை, கோச்சுக்குக் கோச்சுகள் எழுதியது, அதிலும் சமமென்றால் கோப்பையைப் பகிர்ந்து கொடுப்பது. இந்த வரியையும் மற்ற விதிகளோடு ஒரே பக்கத்தில் எழுதி, முதல் விசில் ஊதும் முன் எட்டு கேப்டன்களிடமும் எட்டு கோச்சுகளிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.