சிக்னேச்சர் கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது நெக்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையைச் சேர்ந்த தொடக்கநிலைக் கிட்டார் ஒன்றை வாசித்து வருகிறேன். பெரும்பாலும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வைத்து எழுபது, எண்பதுகளின் ராக் பாடல்களையும் அவற்றின் சோலோக்களையும் வாசிப்பேன். சில பாடல்களுக்கு ஆறாவது தந்தியை 'டி' சுருதிக்கு இறக்குவேன். என் விரல்கள் குட்டையானவை. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும் பெண்டிங் செய்யும்போது சீக்கிரம் களைத்துவிடுகின்றன. எபிஃபோன் ஸ்லாஷ் லெஸ் பால், பிஆர்எஸ் எஸ்இ சில்வர் ஸ்கை, ஐபனெஸ் ஜெம் ஜூனியர் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் லெஸ் பால்தான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது கன்ஸ் அன்ட் ரோசஸ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்லாஷின் பெயர் தாங்கிய லெஸ் பாலாகத்தான் இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சிக்னேச்சர் மாடல் என்பது ஒரு கலைஞர் தம் கைக்கும் தம் இசைக்கும் ஏற்பச் செய்துகொண்ட தேர்வுகளின் தொகுப்பு. அந்தத் தேர்வுகளில் சில பலருக்கும் பயன்படும். சில அவர் ஒருவருக்கே பயன்படும். ஃபெண்டர் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், 9 வோல்ட் பேட்டரியில் இயங்கி நடு அலைவரிசைகளை 25 டெசிபெல் வரை உயர்த்தும் சுற்று ஒன்று உள்ளது. சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை ஒரே கம்பிச் சுருளால் மின் ஒலியாக்கும் பகுதி) தரும் மெல்லிய ஒலியைத் தடிப்பாக்க விரும்பும் எவருக்கும் அது உதவும். ரிட்சி பிளாக்மோரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ, அவர் நடுப் பிக்கப்பைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால், அந்த இடத்தில் ஒலி எடுக்காத வெறும் மூடி மட்டுமே பொருத்தப்பட்டிருக்கிறது. கிட்டாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களுக்கு இடையிலுள்ள மரமும் குழிவாகக் குடையப்பட்டிருக்கிறது. பிளாக்மோரைப் போல மென்மையாக அழுத்தும் பழக்கம் இல்லாதவர் அதை வாசித்தால் கார்டுகள் சுருதி ஏறி ஒலிக்கும். எனவே ஒரு மாடலைப் பார்க்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு மாற்றமும் உங்களுக்கும் தேவைதானா என்று கேட்டுக்கொள்வது முதல் வேலை.

இரண்டாவது வேலை, பின்னால் மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரித்துப் பார்ப்பது. பிக்கப், ஒலிக் குமிழ்களின் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், தந்தியை முறுக்கும் ட்யூனர் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நெக்கின் பருமன், ஃப்ரெட்போர்டின் வளைவு, தந்தியின் அதிர்வு நீளமான ஸ்கேல் ஆகியவை வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். விளம்பரங்கள் பிக்கப்பையும் நிறத்தையும் பெரிதாகப் பேசுவதால், வாங்குவோர் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

உங்கள் விரல் களைப்புக்கு ஸ்கேல் நேரடியாகத் தொடர்புடையது. லெஸ் பாலின் ஸ்கேல் 24.75 அங்குலம், மற்ற இரண்டுக்கும், உங்களிடம் இப்போதுள்ள வகைக்கும் 25.5 அங்குலம். ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்பதால், லெஸ் பாலில் அது ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. முதல் ஃப்ரெட்டுக்கான இடைவெளியும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறைகிறது. எண்ணிக்கையில் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெண்டிங் நிறைந்த ஒரு சோலோவை மீண்டும் மீண்டும் பயிற்சி செய்யும் கைக்கு வேறுபாடு நன்றாகத் தெரியும். இதற்கு விலையாக நீங்கள் ஏற்க வேண்டியது எடை: லெஸ் பால் 4 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நின்றுகொண்டு வாசிப்பவராக இருந்தால் அகலமான பட்டை ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

சில்வர் ஸ்கை அருமையான கருவி. ஜான் மேயர் தம்மிடமிருந்த 1963, 1964-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை முன்மாதிரியாக வைத்து பிஆர்எஸ் நிறுவனத்துடன் உருவாக்கியது; 2022-இல் வந்த எஸ்இ வடிவத்தில், மூல மாடலின் 7.25 அங்குல ஃப்ரெட்போர்டு வளைவு 8.5 அங்குலமாகச் சற்றே தட்டையாக்கப்பட்டது. கார்டு பிடிக்க இதமாக இருக்கும் இந்த வளைவில், தந்திகளைத் தாழ்வாக அமைத்து மேல் ஃப்ரெட்களில் பெரிதாகப் பெண்டிங் செய்தால் ஒலி திணற வாய்ப்பு உண்டு. லெஸ் பாலின் 12 அங்குல வளைவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதைவிட முக்கியமாக, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் கொண்ட கிட்டார் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டிஸ்டார்ஷனைக் கூட்டும்போது அதில் எழும் மின் இரைச்சலை நீங்கள் அறிவீர்கள். புதிதாக வாங்கும் கிட்டார், பழையதால் செய்ய இயலாததைச் செய்ய வேண்டும். லெஸ் பாலில் உள்ள, அந்த இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்களான இரண்டு ஹம்பக்கர்கள் அதைச் செய்யும்.

ஜெம் ஜூனியர் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது உறுதியான காரணம். ஸ்டீவ் வாயின் ஜெம் 1987-இல் வந்ததிலிருந்தே, தந்திகளை இரு முனைகளிலும் பூட்டும் மிதவை ட்ரெமலோ (கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) அதன் உயிர்நாடி. தந்திகளின் இழுவிசையும் பின்புறத்து ஸ்பிரிங்குகளின் விசையும் சமமாக நிற்பதில்தான் அந்த அமைப்பு நிலைபெறுகிறது. ஆறாவது தந்தியை நீங்கள் 'டி'-க்கு இறக்கியவுடன் அந்தச் சமநிலை குலைந்து மற்ற ஐந்து தந்திகளும் சுருதி ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுபவருக்கு இது தீராத துன்பம்.

இனி ஸ்லாஷின் பெயர் பற்றி. கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் 1987 ஆல்பத்தில் அவர் முதன்மையாக வாசித்தது லெஸ் பாலின் மூல நிறுவனமான கிப்சன் தயாரித்த கிட்டாரே அன்று. கிறிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த லெஸ் பால் நகல் அது. சீமோர் டங்கன் அல்நிகோ 2 பிக்கப்பும், மார்ஷல் ஆம்ப்பும், அவருடைய விரல்களும் சேர்ந்துதான் அந்த ஒலி பிறந்தது. ஆகவே தலைப்பகுதியில் உள்ள பெயரால் அந்த ஒலி வந்துவிடாது. எபிஃபோனின் சாதாரண லெஸ் பால் ஸ்டாண்டர்டு 50ஸ், 60ஸ் ஆகிய இரண்டையும் ஸ்லாஷ் மாடலோடு ஒரே கடையில், ஒரே ஆம்ப்பில், விலைச்சீட்டைப் பார்க்காமல் வாசித்துப் பாருங்கள். 50ஸின் நெக் பருத்தது, 60ஸின் நெக் மெலிந்தது. குட்டை விரல்களுக்கு மெலிந்த நெக்தான் ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். பருத்த நெக்கில் கட்டைவிரலுக்குப் பிடிமானம் கிடைப்பதால் களைப்பு குறைந்தவர்களும் உண்டு என்பதால், இதை உங்கள் கையே தீர்மானிக்கட்டும். 60ஸ் உங்கள் கையில் நன்றாக அமைந்தால் அதை எடுத்துக்கொண்டு, விலையில் மிச்சமாகும் தொகையை ஆம்ப்புக்கோ பிக்கப்புக்கோ ஒதுக்குங்கள். மூன்றும் ஒன்றுபோலவே தோன்றி, மனம் ஸ்லாஷ் மாடலிலேயே நின்றால் தயங்காமல் அதை வாங்கலாம். தினமும் எடுத்து வாசிக்கத் தூண்டும் கருவிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

எதை வாங்கினாலும் ஸ்லாஷைப் பின்பற்றி 11 முதல் 48 வரையிலான (பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கனத்த தந்திகளைப் போட்டுவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் அரைச் சுருதி இறக்கி வாசிப்பதால் அந்தக் கனம் அவருக்குத் தளர்ந்து கொடுக்கிறது. வழக்கமான சுருதியில் வாசிக்கும் உங்களுக்கு 9 அல்லது 10-இல் தொடங்கும் தொகுப்பே போதும். கடையில் வேறு பருமனுள்ள தந்தி இருந்தால், அதை மாற்றிய கையோடு நெக்கின் வளைவையும் தந்தி உயரத்தையும், எல்லா ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக ஒலிக்கச் செய்யும் இன்டொனேஷனையும் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.