அம்மம்மாவின் பையை ஸ்கான் செய்ய முன்

வாசகி ஒருவர் கேட்கிறார்: "1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து அம்மம்மா தூக்கிக்கொண்டு வந்த பையில் கடிதங்கள், பத்திரிகைத் துண்டுகள், படங்கள், மாமாவின் குரல் உள்ள ஒரு கசற் எல்லாம் இருக்கின்றன. டிஜிட்டலாக்க எங்கே தொடங்குவது? அசலை என்ன செய்வது?"

முதலில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். ஒவ்வொரு படமாகக் கையில் கொடுத்து, இது யார், எந்த ஊர், யார் எடுத்தது என்று கேட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். ஒரு குடும்பத்தின் படங்களை நான் ஆசையாக ஸ்கான் செய்து முடித்து, பெயர் கேட்க இரண்டு மாதம் கழித்துப் போனேன். சொல்லக்கூடிய ஒரே ஆள் அதற்குள் இறந்துவிட்டார். பங்கர் (பதுங்குகுழி) வாசலில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கும் அந்த ஐந்து பிள்ளைகள் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்தது கசற். காகிதத்தை விட அது வேகமாகக் கெடும். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓடவிடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். கணினிக்கு மாற்றும்போது ஒலியைச் சுருக்கும் எம்பி3 அல்ல, சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள்.

ஸ்கான் செய்யும் நுணுக்கம் கடிதத்துக்கு 300 டிபிஐ (dpi) போதும், படத்துக்கு 600. முன்னும் பின்னும், கலரிலேயே எடுங்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சானது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்தக் கோடு மறைந்துவிடும், தாள் இல்லாமல் பட்ட பாடும் அதோடு போய்விடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். விவரங்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காமல் யூனிகோடில் அடியுங்கள், இல்லாவிட்டால் தேடினாலும் அகப்படாது.

மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981 ஜூன் 1 விடியும்போது யாழ் நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாகியிருந்தன, அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

அசலை எறியாதீர்கள், லமினேட்டும் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து எத்தனையோ பேர் செய்துவிடுகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிறகு எடுக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலுமாரியில் வையுங்கள்.

அப்புறம், 2005இல் தொடங்கிய 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத் திட்டம் போன்ற எண்ணிம (டிஜிட்டல்) ஆவணகத்தில் சேர்க்க விரும்பினால், எதைத் திறந்து விடலாம், எதை இப்போதைக்கு மூடி வைக்கலாம் என்று அவர்களோடு முதலிலேயே பேசுங்கள். காணாமல் போனவர்களின் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ உள்ள தாள்களை அந்த வீட்டாரைக் கேட்காமல் இணையத்தில் போட வேண்டாம்.