பத்து வருஷம் ஓடாத புல்வெட்டி வண்டி: கயிற்றை இழுக்கும் முன்

கேள்வி: அழகர்கோவில் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. கொடைக்கானல் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டி ஒன்றை வாங்கி வந்தோம். 8 ஹெச்.பி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின். பத்து வருஷமாக ஓடவில்லையாம். பைக் மெக்கானிக் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்து இழுத்துப் பார்த்தார். கார்புரேட்டர் வழியாக இரண்டு தடவை வெடித்தது. கயிறு கையைத் திருப்பி இழுத்தது. தேறுமா? ஸ்பேர் கிடைக்குமா?

பதில்: தேறும். ஆனால் இனி ஒரு தடவைகூட இழுக்காதீர்கள், ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். ஸ்ப்ரே சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிடும். கிடந்த காலத்தில் தப்பித்த இன்ஜின், அவசரப்பட்டு ஓடவிட்ட முதல் பத்து நிமிஷத்தில் பிஸ்டன் கோடு விழுந்து வீணாவதுண்டு.

முதல் வேலை, பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். அடுத்து, ஃபிளைவீலை (இன்ஜின் தலையில் சுழலும் கனமான சக்கரம்) மூடியிருக்கும் தகர மூடியைத் துடைத்துப் பாருங்கள். மாடல், டைப், கோடு (code) என்று மூன்று எண்கள் குத்தியிருக்கும். மாடல் எண் 19 என்று தொடங்கினால் இன்ஜின் கொள்ளளவு 19 கன அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது சுமார் 319 சி.சி. கோடு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு மாதம். 1982-க்கு முந்தையது என்றால் உள்ளே பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டன்சர் இருக்கும். அந்த வருஷத்திலிருந்துதான் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. இந்த மூன்று எண்ணும் இல்லாமல் ஸ்பேர் கேட்டால் எந்தக் கடைக்காரராலும் சரியானதைத் தர முடியாது. பாயிண்ட் செட், ரிங், ஹெட் பேக்கிங் எல்லாம் இன்றும் தயாராகின்றன; ஆன்லைனில் வரவழைக்கலாம்.

இப்போது நீங்கள் சொன்ன அறிகுறிக்கு வருகிறேன். கயிறு திருப்பி இழுக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஃபிளைவீல் கீ மேல்தான். ஃபிளைவீலை கிராங்க் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு அது. பிளேடு கல்லிலோ வேரிலோ மோதி இன்ஜின் சட்டென்று நிற்கும்போது, கனமான ஃபிளைவீல் மட்டும் தன் வேகத்தில் இம்மி முன்னே நகர்ந்துவிடும். காந்தம் அதிலேயே இருப்பதால், எலக்ட்ரானிக் இக்னிஷன் வகையில் ஸ்பார்க்கும் முன்கூட்டியே விழும். பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பெட்ரோல் எரிந்து பின்னுக்குத் தள்ளும். நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு ஃபிளைவீலைத் தூக்குங்கள். சுத்தியலால் தட்டினால் விசிறி இதழ் உடையும், காந்தம் பலம் இழக்கும். வெளியே எடுத்த கீயின் பக்கவாட்டில் நகத்தால் தடவுங்கள். படிபோல் நகம் தட்டினால், அரை மில்லிமீட்டரே ஆனாலும் அது வெட்டுப்பட்ட கீ. மெத்தென்ற உலோகத்தில் செய்வதே அது வெட்டுப்பட்டு கிராங்கைக் காப்பாற்றத்தான். லேத் பட்டறையில் ஸ்டீலில் கடைந்து தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். அடுத்த கல்லில் கிராங்க் வளையும்.

ஃபிளைவீல் வெளியே இருக்கும்போதே அடியிலுள்ள பாயிண்ட் மூடியைத் திறந்துவிடுங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் பிளஞ்சர் (பாயிண்டைத் தள்ளும் சிறு குச்சி) துவாரம் தேய்ந்திருக்கிறது. துடைத்து மட்டும் போட்டால் மறுபடி நனையும். பாயிண்ட் இடைவெளி 0.50 மி.மீ. காயிலுக்கும் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) காந்தத்துக்கும் இடையே 0.25 முதல் 0.35 மி.மீ. பழைய பிளக்கை 0.75 மி.மீ. இடைவெளியில் புதிதாக மாற்றுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இதன் பிளக் 14 மி.மீ. மரை, மரை நீளம் 9.5 மி.மீ.தான். பழைய ஸ்கூட்டர் பிளக்கும் அதே மரையில் ஏறும், ஆனால் நீளம் அதிகம், அதைப் போடாதீர்கள். ஸ்பார்க் வரவில்லை என்றால் காயிலைக் குற்றம் சொல்லும் முன், ஆஃப் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எலி கடித்து பாடியைத் தொடும் வயரால் காயில் வாங்கியவர்கள் உண்டு.

கார்புரேட்டர் வழியாக வெடித்ததற்கு நகர்ந்த கீயே போதும். இல்லையென்றால் வால்வு. இந்த இன்ஜினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டர் பக்கத்தில் நிற்கின்றன. திறந்த நிலையில் நின்றுபோன வால்வு வருஷக்கணக்கில் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் பக்கம் நீள போல்ட்டுகள் வரும். அட்டையில் துளையிட்டு அதே வரிசையில் குத்தி வையுங்கள். மாற்றிப் போட்டால் மரை உருவிவிடும். ஒட்டிய வால்வில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். இறுகிய பிஸ்டனுக்கும் இதே பொறுமைதான்: டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சீட்டில் (வால்வு உட்காரும் இடத்தில்) 1.2 முதல் 1.6 மி.மீ. அகலத்துக்குச் சாம்பல் வளையம் முழுதாகத் தெரிய வேண்டும். பிறகு வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் டேப்பட்டுக்கும் உள்ள இடைவெளி: இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பவர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி 6 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். இன்லெட் 0.13 முதல் 0.18, எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.28 மி.மீ. பைக் மாதிரி டேப்பட் ஸ்க்ரூ இதில் கிடையாது. வால்வுத் தண்டின் அடியைத் தேய்த்துத்தான் இடைவெளியைக் கூட்ட முடியும். துளித்துளியாகத் தேய்க்கச் சொல்லுங்கள். புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் கை நிதானமுள்ள பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுப்பது நல்லது. 19 வரிசை மாடலுக்கு ஹெட் போல்ட் சுமார் 19 நியூட்டன் மீட்டர், மூன்று தவணையாக, எதிரெதிர் போல்ட்டாக.

கம்ப்ரஷனை கேஜ் வைத்துப் பார்க்காதீர்கள். சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக இன்லெட் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைக்கும் அமைப்பு இருப்பதால் அளவு குறைவாகவே காட்டும். மேலிருந்து பார்க்க, ஃபிளைவீலைக் கடிகாரத்துக்கு எதிராகச் சுண்டிவிடுங்கள். பந்து போல எகிறித் திரும்பினால் போதும்.

கார்புரேட்டரை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிக்கும் வகை என்றால், முதலில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நாசிலை (பெட்ரோல் வரும் சிறு குழாய்) கழற்றுங்கள். அது இரண்டு பாதிக்கும் குறுக்கே சாய்வாகச் செருகியிருக்கிறது. கழற்றாமல் இழுத்தால் நாசில் கெட்டு, பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கி, உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா என்று கேளுங்கள்; சலசலத்தால் மிதவை ஓட்டை. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஊசியை மெல்ல மூடி ஒன்றரைச் சுற்றுத் திறப்பது ஆரம்ப நிலை. கவர்னர் (வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பு) ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று கழற்றுமுன் போட்டோ எடுங்கள். துளை மாறினால் வேகம் எகிறி, அலுமினிய கனெக்டிங் ராடு முறியும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உப்பும், ஈரமும் சேரும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். மாதத்துக்கு மேல் டேங்கில் விடாதீர்கள். நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிடுங்கள்.

தகர மூடியைத் திரும்பப் பூட்டுமுன் சிலிண்டரின் சூட்டைத் தணிக்கும் இதழ்களுக்கு இடையே பாருங்கள். அணில் கூடு, காய்ந்த புல், செம்மண் எல்லாம் இருக்கும். கொடைக்கானல் குளிரில் இது பெரிய பிரச்சினை இல்லை. மதுரை சித்திரை வெயிலில் அடைத்த இதழோடு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அதே காரணத்துக்காக இதழ்மேல் தடிமனாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

எண்ணெய் எஸ்.ஏ.இ. 30, ஒரு லிட்டருக்குச் சற்று மேல், நிரப்பு வாயின் அளவு வரை. ஆயில் ஃபில்டர் கிடையாது. அதனால் முதல் 5 மணி நேரத்தில் வடித்துவிடுங்கள், அப்புறம் 25 மணிக்கு ஒருமுறை. ஏர் கிளீனர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். புழுதி நாட்களில் அதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் பிளேடு இணைக்காமல், பாதி வேகத்தில், பத்து நிமிஷம். பிறகு தோப்பில் நடந்து, ஐப்பசி மழையில் வளர்ந்த கோரைக்குள் மறைந்து கிடக்கும் கற்களைப் பொறுக்கிவிட்டுப் பிளேடைப் பூட்டுங்கள்.