டெவொப்ஸ் வேரூன்றிவிட்டதா என்று எப்படி அளப்பது?

கிளிநொச்சியில் எட்டுப் பேர் குழு. ஜென்கின்ஸ், டொக்கர் என்று மென்பொருளை வெளியிட உதவும் கருவிகள் எல்லாம் நிறுவியாயிற்று, டெவொப்ஸ் (மென்பொருளை எழுதுவோரும் இயக்குவோரும் ஒன்றாக இயங்கி அதை விரைவாக வெளியிடும் முறை) வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவிகளை எண்ணாதீர்கள். இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறந்தது பெரிதல்ல. கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது?

கூகிளின் டோரா ஆய்வுக்குழு பரவலாக்கிய நான்கு அளவுகள் போதும்: எத்தனை முறை வெளியிடுகிறீர்கள், கிட்டில் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்த மாற்றம் பயனரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம், வெளியீடுகளில் எத்தனை சதவீதம் பழுதாகிறது, பழுதைச் சீராக்க எவ்வளவு நேரம்.

இரண்டாவதில் தொடங்குங்கள். வவுனியாவில் எங்கள் குழுவில் 2 மணி நேரத்தில் எழுதிய திருத்தம் ஒன்று, ஒப்புதலுக்காக 6 நாள் கிடந்தது. சேர்த்த நேரத்தையும் வெளியான நேரத்தையும் கொப்பியில் அருகருகே எழுதியபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஒன்று: இந்த எண்களைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். போட்டால், எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எழுத்துப்பிழைத் திருத்தமும் தனி வெளியீடாகக் கணக்கில் ஏறிவிடும்.