சொல் கேளுங்கள்: விண்மீன் கடலோடி

கேள்வி: அமெரிக்காவிலிருந்து விண்வெளிக்குப் போனால் ‘அஸ்ட்ரோநாட்’, ரஷ்யாவிலிருந்து போனால் ‘காஸ்மோநாட்’ என்கிறார்கள். செய்வது ஒரே வேலைதானே, பெயர் மட்டும் ஏன் இரண்டு?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டுமே கிரேக்க வேரிலிருந்து செய்த சொற்கள். ‘ஆஸ்ட்ரோன்’ என்றால் விண்மீன். ‘காஸ்மோஸ்’ என்றால் ஒழுங்கு. ஒழுங்காக அமைந்திருப்பதால் அண்டத்துக்கும் அதே பெயர். அழகுபடுத்துவது என்ற பொருளும் அதற்கு உண்டு. கடையில் வாங்கும் ‘காஸ்மெட்டிக்ஸ்’ அந்த வழியில் வந்ததுதான்.

1961 ஏப்ரல் 12-ல் பூமியைச் சுற்றி வந்த யூரி ககாரினை சோவியத் நாடு காஸ்மோநாட் என்றது. 23 நாள் கழித்துப் போன ஆலன் ஷெப்பர்டை அமெரிக்கா அஸ்ட்ரோநாட் என்றது. பனிப்போர்க் காலம். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம் ராகேஷ் சர்மா 1984-ல் சோவியத்தின் சோயுஸ் கலத்தில் போனதால் அவர் காஸ்மோநாட்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் பொதுவான அந்த வால். ‘நாட்’ என்பது ‘நௌத்தேஸ்’, அதாவது கப்பலில் போகிறவர். ‘நௌஸ்’ என்றால் கப்பல். குமட்டலைக் குறிக்கும் ‘நாஸியா’வும் இதே வேர்தான், முதலில் அது கடல் பயணத்தில் வரும் குமட்டலுக்குப் பெயர். நாகப்பட்டினத்தில் என் மாமாவின் படகில் முதல் தடவை ஏறியபோது, முகத்துவாரம் தாண்டியதுமே குடித்த நீராகாரம் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மாமா என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “தண்ணியப் பாக்காதடா, கரையையே பாரு” என்றார். 1961 ஆகஸ்டில் ஒரு நாளுக்கும் மேல் விண்ணில் சுற்றிய கெர்மான் தீத்தோவுக்கும் இதே பாடுதான். விண்வெளியில் முதன்முதலில் வாந்தி எடுத்தவர் அவர். அந்த வேர்ச்சொல் அங்கேயும் கூடவே போயிருக்கிறது!

சரி, தமிழில்? ‘விண்வெளி வீரர்’ மரியாதையான சொல். ஆனாலும் வீரர் என்றதும் போர்க்களம்தான் கண்ணில் வருகிறது. 1963-ல் விண்ணுக்குப் போன முதல் பெண் வாலன்டீனா தெரஷ்கோவா ஜவுளி ஆலையில் வேலை பார்த்தவர். ‘கடலோடி’ என்று அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. அதே அச்சில் ‘விண்ணோடி’ என்று சொல்லிப் பாருங்கள், கிரேக்கர்களின் கப்பலும் அதற்குள் வந்துவிடும். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். அவரைப் பற்றி எழுதும்போது நான் விண்ணோடி என்றுதான் எழுதுகிறேன்.